சேலம்–ஹைதராபாத்: 605 கிலோமீட்டரும் 480 அடியும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை 5.50. திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணனின் போன் அடித்தது. விடுமுறைக்கு வந்த எனக்கு ஞாயிறு இரவுதான் ரயில். ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி நான், மூன்றாவது வருடம். ரயிலில் போய்ப் பழகியவள். சேலத்திலிருந்து விமானம் இருப்பது தெரியும். அது வேறு யாருக்கோ என்று நினைத்திருந்தேன்.

போனில் பேசியவர் பழனியப்பன். அண்ணனின் போர்வெல் வண்டிக்கு மேனேஜர். வண்டி அப்போது தெலங்கானாவில், ஜட்சர்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பருத்திக் காட்டில் நின்றது.

"ஹேமர் உள்ள உழுந்துருச்சுங்ணா. நானூத்தி எம்பது அடி. ஈரம் வந்துருச்சுங்க. வந்த பத்து நிமிசத்துல மரை கழண்டு போச்சுங்க."

வெளியூர் வாசகர்களுக்கு: பாறையை இடித்து இறங்கும் சுத்தியல்தான் ஹேமர். அதன் நுனியில் பிட். ஒவ்வொன்றும் இருபது அடி நீளமுள்ள இரும்புக் குழாய்களை, அதாவது ராடுகளை, ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிக்கொண்டே போனால் ஹேமர் ஆழத்துக்குப் போகும். அந்தத் திருகு மரை கழன்றால் ராடு மட்டும் மேலே வரும். ஹேமர் அடியிலேயே கிடக்கும். அதை எடுக்க முடியாவிட்டால் அந்தக் குழியே செத்துப்போகும்.

அந்த நிலத்துக்காரர் எல்லய்யாவுக்கு அது மூன்றாவது குழி. முதல் இரண்டிலும் தண்ணீர் இல்லை, பாறைப் பொடி புகையாகத்தான் வந்தது. மூன்றாவதில் ஈரம் வந்தது. வந்த இடத்திலேயே ஹேமர் அடைத்துக்கொண்டது. அந்தப் பாறை உதிரக்கூடியது என்றார் பழனியப்பன். மேலிருந்து மண் இறங்கிக்கொண்டே இருந்தது.

"பொழுது உழுகறதுக்குள்ள எடுத்தா உண்டு," என்றான் அண்ணன். "அப்பறம் மண்ணு மேல பூசிரும். சிமிட்டி போட்ட மாதிரி."

அண்ணன் பெயர் செந்தில். வயது முப்பத்து நான்கு. பத்தாவது வரை படித்தவன். விழுந்த ஹேமரை எடுப்பதில் கைதேர்ந்தவன். இதை நான் சொல்லவில்லை. பிற வண்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து கூட்டிப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அது எனக்குப் பெருமையாக இருந்ததில்லை. தூக்கம் கெடும். அவ்வளவுதான்.

கணக்குப் போட்டோம். சாலையில் 730 கிலோமீட்டர், குறைந்தது பதின்மூன்று மணி நேரம். புறப்படும் முன் லேத் பட்டறைக்கு வேறு போக வேண்டும். இரவு பத்தாகிவிடும். நான் போனில் தேடினேன். சேலம்–ஹைதராபாத், நேர் விமானம், அன்றைக்கே. புறப்பாடு 12.40, சேர்வது 2.20. வான்வழித் தூரம் ஒரு இணையதளத்தில் 604 கிலோமீட்டர், இன்னொன்றில் 607. இந்த விமானம் வாரத்தில் சில நாள் மட்டும்தான். அன்று இருந்தது.

"நீயும் வா," என்றான் அண்ணன். "எனக்கு அங்க என்ன பேசறதுன்னு தெரியாது." விமான நிலையத்தைச் சொன்னான். அந்த வார்த்தையை நான் நம்பினேன். அதைப் பற்றிப் பிறகு.

6.40க்கு இரண்டு டிக்கெட் போட்டேன். ஒன்று 4,870 ரூபாய்.

ஏழு மணிக்கு அண்ணன் லேத்துக்குப் போனான். அவனுக்காகப் பட்டறையைச் சீக்கிரமே திறந்தார்கள். மணி போல வாய் விரிந்த ஓர் இரும்பு. உள்பக்கம் முழுக்க மரை. குழிக்குள் இறக்கி, விழுந்துகிடக்கும் ஹேமரின் தலையில் கவிழ்த்துத் திருகினால் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குல்லா. அந்த ஹேமருக்குத் தக்கபடி உள்மரையைப் புதிதாகச் சீவி வாங்கிவந்தான். எடை 16 கிலோ 200 கிராம். கோணிப்பையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஹேமர் எடுக்கப் போகிறவன் குல்லாவைக் குழியின் வாய்க்குப் போய்ச் சேரும்வரை தரையில் வைக்க மாட்டான். இன்னொருவர் கையிலும் தர மாட்டான். பேருந்தில் போனால் மடியில். லாரியில் போனாலும் மடியில். எனக்கு இது தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

9.10க்குக் கிளம்பினோம். சங்ககிரி, தாரமங்கலம் வழியாகக் காமலாபுரம். கார் மீட்டரில் 54 கிலோமீட்டர், ஒரு மணி 25 நிமிடம். வாடகை 1,600. கொண்டலாம்பட்டி சுற்றிப் போனால் சாலை நன்றாக இருக்கும், தூரம் கூடும். ஓட்டியவர் குமரேசன். வழக்கமாகப் போர்வெல் வண்டி ஆட்களை ஏற்றிப்போகிறவர்.

"ஏனுங் அம்மிணி, ஏரோப்ளேன்ல டீக்கு எங்க நிறுத்துவாங்க?"

"அனந்தபூர்ல," என்றான் அண்ணன். "உனக்கு வேணும்னா கயிறு உட்டு எறக்கித் தர்றேன்."

"சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெப்பாங்களாண்ணா?"

"நீ கேட்டுட்டு வா. நாங்க போறோம்."

காரில் வைத்து அண்ணனிடம் தெளிவாகச் சொன்னேன். ஒரே டிக்கெட் எண், இரண்டு பேருக்கும் சேர்த்து முப்பது கிலோ. என் பெட்டி பன்னிரண்டு, குல்லா பதினாறு சொச்சம். இரண்டையும் கவுண்டரில் போட்டுவிடலாம், கூடுதல் கட்டணம் இல்லை. அவன் தலையாட்டினான். அண்ணன் தலையாட்டினால் சம்மதம் என்று பொருள் இல்லை. காதில் விழுந்தது என்றுதான் பொருள். முப்பது வருடத்துக்குச் சற்றுக் குறைவாக அவனோடு வாழ்ந்தும் அன்றுதான் புரிந்தது.

சேலம் விமான நிலையம் சின்னது. அழகு. ஒரு கல்யாண மண்டபத்தின் அளவு. வாசலிலிருந்து கவுண்டர் வரை நாற்பது அடிகூட இருக்காது. 10.35க்கு உள்ளே போனோம். கவுண்டர் திறந்ததும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வருவதற்குள் நான் கழிவறைக்குப் போய்த் திரும்பினேன். அதற்குள் வேலை முடிந்திருந்தது. போர்டிங் பாஸ் அண்ணன் கையில். என் பெட்டி போய்விட்டது. அவன் தோளில் கோணி இருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது அது அவன் உடம்பின் ஒரு பாகம் மாதிரிதான் இருந்தது.

11.20, பாதுகாப்புச் சோதனை. கோணி எக்ஸ்ரேக்குள் போனது. பெல்ட் நின்றது. திரையில் கறுப்பாக ஒரு மணி. உள்ளே பற்கள்.

அதிகாரி இந்தியில் கேட்டார், இது என்ன என்று. நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "இட் இஸ் எ..." அதற்கு மேல் வார்த்தை இல்லை. குல்லாவுக்கு ஆங்கிலம் எனக்குத் தெரியாது. மூன்று வருடமாகச் சொற்களைப் பற்றியே ஆய்வு செய்கிறேன்.

அண்ணன் பேசினான். இந்தியில். தங்குதடை இல்லாத, அதட்டல் இல்லாத, வயல்வெளி இந்தி. ராஜஸ்தானில் நான்கு வருடம், சத்தீஸ்கரில் மூன்று வருடம் வண்டியோடு இருந்தவன். அது எனக்குத் தெரிந்த செய்தி. அவன் பேசி நான் கேட்டதில்லை. கையை இப்படிக் கவிழ்த்து, இப்படித் திருகி, ஹேமர் மேலே வருவதைக் காட்டினான். அதிகாரியின் முகம் மாறியது. அவர் ஊர் நாகௌர் பக்கமாம். அவர் வீட்டுக் குழியைப் போட்டதும் ஒரு தமிழ்நாட்டு வண்டிதானாம். டி.என். நம்பர் பிளேட் என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். பிறகு அதே புன்னகையோடு சொன்னார்: இதை உள்ளே விட முடியாது. கவுண்டரில் போடுங்கள். கவுண்டர் 11.40க்கு மூடும்.

மணி 11.27.

ஓடினோம். பாஸில் குத்திய முத்திரையை ரத்து செய்ய இரண்டு நிமிடம். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டதும் அவள் ஆங்கிலத்தை விட்டுவிட்டாள். வெண்ணந்தூர்க்காரி.

"பெல்ட்டுல வைங்கண்ணா. பத்து நிமிசந்தான் இருக்குது."

அண்ணன் வைக்கவில்லை. நின்றான்.

"என்னுங்ணா?"

"இத அடுத்தவங்க தொடக்கூடாதும்மா."

"நான் தொடலீங்ணா. பெல்ட்டே இழுத்துட்டுப் போயிரும்."

"அப்பறம்?"

"அப்பறம் லோடர் எடுப்பாருங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். எனக்குக் கோபம். "ஏனுங்ணா, அங்க மண்ணு எறங்கிட்டிருக்குது. இங்க நின்னு சாமி கும்பிடறீங்களா?" என்றேன். அந்த இரும்பை நம்பித்தான் அவன் கை வேலை செய்கிறது என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் டாக்டர் கை கழுவுவதை யாரும் மூடநம்பிக்கை என்பதில்லை. இதுவும் அப்படித்தான் என்று வாதாட மாட்டேன். ஆனால் கையைத் தயார்படுத்தும் வழி ஒவ்வொருவருக்கும் ஒன்று.

வெண்ணந்தூர்க்காரிதான் வழி சொன்னாள். "எங்க பெரியப்பா ஊட்டுலயும் இப்புடித்தான் ஹேமர் எடுக்க வந்தாங்க. டீ குடிக்கறப்பகூடக் கீழ வைக்கல அவரு. நான் லோடர்கிட்டச் சொல்லிர்றேங்ணா. தரையில வைக்க மாட்டாங்க. பெல்ட்டுல இருந்து டிராலி, டிராலில இருந்து ப்ளேன். ப்ளேன் தரையாங்க?"

அண்ணன் அரை நிமிடம் யோசித்தான். "பறக்கற வரைக்கும் தரைதான்," என்றான். கோணியை இரண்டு கையாலும் தூக்கிப் பெல்ட்டில் வைத்தான். ஒருமுறை தடவினான். எடை 16.4. கோணிக்கு இருநூறு கிராம். மணி 11.36.

விமானத்தில் அவனுக்கு ஜன்னல் இருக்கை. இரண்டு விசிறி, எழுபத்து எட்டு இருக்கை. சாமான் ஏற்றுவது ஜன்னல் வழியே தெரிந்தது. கோணி டிராலியின் உச்சியில், தனியாக. லோடர் அதைத் தூக்கினார். எதிர்பார்த்த எடை இல்லை போல. சற்றுத் தடுமாறினார். அண்ணன் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டான். லோடர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஏற்றினார். தரையில் வைக்கவில்லை.

"நல்ல ஆளு," என்றான் அண்ணன். பெல்ட் போட்டுக்கொண்டான்.

12.46க்கு மேலே ஏறியது. வடக்கே போகும் விமானம் இது. இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் மேட்டூர் நீர்த்தேக்கம் கொஞ்ச நேரம் தெரியும். வலப்பக்கம் சேர்வராயன் மலை. அதன்பின் கிருஷ்ணகிரி, அதன்பின் எல்லாம் ஒரே நிறம். பைலட் அறிவிப்பில் உயரம் பதினேழாயிரம் அடி என்றார்.

"எண்ணூத்தி அம்பது ராடு," என்றான் அண்ணன், உடனே. "அவ்ளோ ராடு எந்த வண்டிலயும் இல்ல."

அனந்தபூர், கர்னூல் பக்கமெல்லாம் அவன் போட்ட குழிகள் உண்டு. எத்தனை என்று கேட்டேன். எண்ணவில்லை என்றான். நான் கீழே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு குழியின் வாய் ஆறரை அங்குலம். பதினேழாயிரம் அடியிலிருந்து ஆறரை அங்குலத்தைப் பார்க்க முடியாது. ஆனால் அங்கங்கே பச்சையாகச் சதுரங்கள் தெரிந்தன. வறண்ட நிறத்துக்கு நடுவில், காரணம் சொல்லாத பச்சை. அவன் கண்ணை மூடியிருந்தான். மடியில் வலது கை மெதுவாக எதையோ திருகிக்கொண்டிருந்தது.

2.14க்குத் தரை. ஆக வானத்தில் ஒரு மணி 28 நிமிடம். 2.35க்குக் கோணி பெல்ட்டில் வந்தது. அது தட்டுப்பட்டு விழுவதற்குள் அண்ணன் எடுத்துவிட்டான். வெளியே டாக்சி 2,400 ரூபாய். ஓட்டுநரோடு தெலுங்கில் பேசி, போகவேண்டிய மண்பாதையையும் சொல்லி, இடையில் ஏதோ சொல்லி அவரைச் சிரிக்கவும் வைத்தான். மூன்று வருடம் ஹைதராபாத்தில் இருப்பவள் பின்சீட்டில் அமைதியாக இருந்தாள். இவனுக்கு வழிகாட்ட வந்தவள்.

68 கிலோமீட்டர், ஒரு மணி 20 நிமிடம். 4.05க்குப் பருத்திக் காடு.

இனி நான் பார்த்தது மட்டும். வண்டி நின்றது. வெள்ளைப் பொடி, அதன்மேல் காய்ந்த சேறு. பழனியப்பன், ஆறு ஆட்கள். வரப்பில் எல்லய்யாவும் அவர் மனைவியும். அண்ணன் செருப்பைக் கழற்றினான். கோணியைப் பிரித்தான். குல்லா குழியின் வாய்க்கு நேரே போனது.

ராடு ஒவ்வொன்றாக இறங்கியது. ஒன்று, இரண்டு. நானும் எண்ணினேன். இருபத்து நான்காவது முழுதாகப் போகவில்லை. 474இல் முட்டியது. ஆறு அடி மண் இறங்கிவிட்டது. பழனியப்பன் வாயைத் திறந்தார். அண்ணன் கையைக் காட்டினான், வேண்டாம் என்று. கொஞ்சம் காற்று ஊதச் சொன்னான். ஊதினால் மண் ஒதுங்கும். அதிகம் ஊதினால் பக்கம் உதிரும். கால் நிமிடம் ஊதுவான், நிறுத்துவான், ராடின் மேல் உள்ளங்கையை வைப்பான். மறுபடி. 476. 477. காற்று ஊதும் கம்ப்ரசரின் சத்தத்தில் எனக்குக் காதே இல்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான், கையால்.

480.

திருகினார்கள். நழுவியது. இரண்டாம் முறை. நழுவியது. எல்லய்யா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வெயில் சாய்ந்திருந்தது. மூன்றாவது முறை திருகுவதற்கு முன் அண்ணன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னான். எஞ்சினையும்கூட. அந்தக் காட்டில் அப்போதுதான் காக்கைச் சத்தம் கேட்டது. அவனும் இன்னொருவரும் பெரிய ஸ்பேனரை மாட்டிக் கையாலேயே திருகினார்கள். கால் சுற்று. அரைச் சுற்று. அண்ணன் கண்ணை மூடியிருந்தான். ஒரு சுற்று. இன்னும் கால்.

கையை எடுத்தான். வண்டியை இயக்கும் டிரில்லரைப் பார்த்துக் கட்டை விரலை மேலே காட்டினான். மணி 5.25.

இருபத்து நான்கு ராடும் மேலே வர ஐம்பது நிமிடம். ஒவ்வொன்றையும் கழற்றி அடுக்க வேண்டும். அந்த ஐம்பது நிமிடமும் யாரும் மகிழ்ச்சி அடையவில்லை. பாதியில் நழுவலாம். 6.15க்கு, சூரியன் பருத்திச் செடி உயரத்துக்கு வந்தபோது, குல்லா வந்தது. அதைக் கவ்விக்கொண்டு ஹேமர் வந்தது. அதிலிருந்து ஈரச் சேறு வழிந்தது. பழனியப்பன் "சாமீ" என்று அண்ணனைக் கட்டிக்கொண்டார். அண்ணன் முதலில் செய்தது மரையைத் தடவிப் பார்த்து டிரில்லரைத் திட்டியது. அதை நான் இங்கே எழுத முடியாது.

தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. மறுநாள் காலை, 535 அடியில், ஒன்றரை இஞ்ச் ஊற்று, அந்தக் காட்டுக்குப் போதும்.

இனி போக நினைப்பவர்களுக்கு. சேலம்–ஹைதராபாத் தேடினால் ஒரு மணி 40 நிமிடம் என்று வரும். அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். எங்கள் வாசலிலிருந்து குழி வரை ஆறு மணி 55 நிமிடம் ஆனது. வானத்தில் கழிந்தது அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. கிழமை, நேரம் மாறிக்கொண்டே இருக்கும், முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். திருச்செங்கோடு, நாமக்கல் பக்கமிருந்து வந்தால் விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பே வீட்டை விடுங்கள். கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன் மூடிவிடும், அதில் சலுகை இல்லை. ஸ்பேனர், பிட், குல்லா, இரும்பு எதுவானாலும் கைப்பையில் வேண்டாம், கவுண்டரில் போடுங்கள். கிரீஸைத் துடைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். என்ன பொருள் என்று கேட்டால் உங்களுக்கு வரும் மொழியில் சொல்லுங்கள். தரையில் வைக்கக்கூடாது என்றால் அதையும் சொல்லுங்கள். கேட்கிறார்கள்.

அவசரம் இல்லையென்றால் ரயிலே போதும். எனக்கு இருந்த அவசரம் என்னுடையது அல்ல. அதனால்தான் இத்தனை நிமிடங்களும் நினைவில் இருக்கின்றன போலும்.

6.50க்கு நான் மட்டும் ஹைதராபாத்துக்குக் கிளம்பினேன். அண்ணன் குழி முடியும்வரை இருப்பான். மறுபடி ராடு இறங்கத் தொடங்கியிருந்தது. காத்திருந்த டாக்சிக்கு நடக்கும்போது எல்லய்யாவின் மனைவி கூடவே வந்தார். கை நிறையப் பச்சைக் கடலை கொடுத்தார். வண்டிப் பக்கம் காட்டி ஏதோ கேட்டார். சத்தத்தில் பாதிதான் விழுந்தது. அவர் உனக்கு யார் என்று கேட்கிறார், அது புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வெறுங்காலோடு, முழங்கை வரை சேற்றோடு, ராடின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றான்.

எனக்குத் தெரிந்த கொஞ்சம் தெலுங்கில் அதற்குச் சொல் இருந்தது. கம்ப்ரசரை மீறிக் கேட்க வேண்டும் என்று கத்திச் சொன்னேன்.

"மா அன்னய்யா."